ரேடியோவின் நோன்பு

அந்த மருத்துவமனையின் சலவைக்கூடத்தில் எல்லோருக்கும் அவள் ரேடியோதான். வருகை எடுக்கும் குமாஸ்தா மட்டும் சொந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிடுவார். அது தன் பெயர்தான் என்று அவளுக்கு உறைக்கச் சற்று நேரமாகும்.

சலவைக்கூடம் அடித்தளத்தில் இருந்தது. ஒரு பக்கம் வாய் பிளந்து நிற்கும் துவைக்கும் இயந்திரங்கள். நடுவில் நீளமான இஸ்திரி உருளை. ஈரப் படுக்கை விரிப்பை இந்தப் பக்கம் இரண்டு பேர் ஆளுக்கொரு முனையாகப் பிடித்து உள்ளே விட்டால், அந்தப் பக்கம் சுடச்சுட வெளியே வரும். அங்கே வேறு இரண்டு பேர் நின்று மடிப்பார்கள். முனையை முனையோடு சேர்க்க, ஒவ்வொரு முறையும் இருவரும் எதிரெதிரே நடந்து முகத்துக்கு முகம் வர வேண்டும். பேசத் தெரியாதவளையும் பேசவைக்கும் வேலை. ரேடியோவைக் கேட்கவா வேண்டும்? விரிப்பு பாதி மடிவதற்குள் யார் வீட்டுக் கல்யாணம் நின்றுபோனது என்பது வந்துவிடும். முழுதாக மடிவதற்குள் அது ஏன் நின்றது என்பதும் வந்துவிடும். ஆள் ஆளாகக் குரல் மாற்றிப் பேசித்தான் கதை சொல்வாள். மாப்பிள்ளையின் அம்மா மூக்கால் பேசுகிறவள் என்றால் இவளும் மூக்கால் பேசுவாள்.

வஞ்சம் கிடையாது. யாரையும் கெடுக்க வேண்டும் என்று அவள் வாய் திறந்ததில்லை. அடுத்தவர் கதை அவளுக்குப் பசி மாதிரி, வேளைக்கு வேளை வேண்டும்.

அவள் கணவர் கிரில் கதவுகள் செய்யும் வெல்டர். இவள் பேசுவதற்கெல்லாம் சேர்த்து அவர் பேசாமல் இருந்தார். "கல்யாணம் ஆன புதுசுல, ஊமையைத் தலையில கட்டிட்டாங்களோன்னு பயந்தே போயிட்டேன்" என்று அவளே சொல்லிச் சிரிப்பாள்.

அந்த வருடம் சாம்பல் புதன்கிழமை பூசை முடிந்து, நெற்றியில் சாம்பலோடு வந்து, தவக்காலம் நாற்பது நாளும் கறியும் மீனும் தொடப்போவதில்லை என்று அறிவித்தாள்.

செருப்பைத் துடைத்துக்கொண்டிருந்த கணவர் தலையைத் தூக்காமல் சொன்னார். "கறி மீனை விடறதுல என்ன இருக்கு? அடுத்தவங்க கதையை விடு, பாப்போம்."

"விடமாட்டேன்னு நெனச்சீங்களா?"

"சிலுவை முன்னாடி நின்னு சொல்லு."

வீம்புக்குப் போய் நின்று சொல்லிவிட்டாள். இன்று முதல் உயிர்ப்பு ஞாயிறான ஈஸ்டர் வரை ஒருவரைப் பற்றி இன்னொருவரிடம் ஒரு வார்த்தை பேசுவதில்லை என்று. அவர் கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தார். அந்தச் சிரிப்புதான் அவளைச் சுட்டது.

மறுநாள் மடிக்கும் இடத்தில் எதிரே நின்றவள் இரண்டு விரிப்புகளுக்குள் கேட்டுவிட்டாள். "என்னக்கா, உடம்பு சரியில்லையா?"

"நல்லாத்தான் இருக்கேன்."

"வீட்டுல சண்டையா?"

"ஒண்ணுமில்ல, மடி."

மதியத்துக்குள் ரேடியோவின் கணவர் அவளை அடித்துவிட்டார் என்று பேச்சு பரவியது. அடுத்த நாள் அவளுக்குத் தொண்டையில் கட்டி. அதற்கடுத்த நாள் அந்தக் கட்டிக்கு டாக்டர் நாள் குறித்துவிட்டார். ரேடியோவைப் பற்றிய செய்தி, ரேடியோ இல்லாமலே நாலு திசைக்கும் போனது. இல்லை என்று சொல்லப்போனால் யார் கிளப்பினார்கள் என்று பேச வேண்டிவரும். பல்லைக் கடித்துக்கொண்டாள்.

வாயை மூடியதும் உடம்பு அடங்க மறுத்தது. கால் ஓரிடத்தில் நிற்கவில்லை. பஸ்ஸுக்குக் காத்திருக்கும்போது நடைபாதையில் இந்த முனைக்கும் அந்த முனைக்கும் நடந்தாள். கழுவிய பாத்திரத்தைத் திரும்பக் கழுவினாள். கோயிலில் சிலுவைப்பாதை செபத்தில் எல்லோரும் முழங்காலில் இருக்க, அவள் எழுந்து ஜன்னல் கொக்கியைச் சரிசெய்துவிட்டு வந்தாள். வாய்க்குள் கிராம்பை அடக்கிக்கொண்டாள். நாக்கு மரத்ததே தவிர நமைச்சல் போகவில்லை. தன் பேச்சு இத்தனை நாளும் ஒரு கதவைச் சாத்திப் பிடித்திருந்தது என்பது இப்போதுதான் தெரிந்தது. கை எடுத்ததும் கதவு திறந்துகொண்டது. உள்ளேயிருந்து மாமியாரின் சாவு வந்தது.

சில வருடங்களுக்கு முன் மாமியார் அதே மருத்துவமனையில், மேல் மாடி வார்டில், ஒரு மதிய நேரத்தில் இறந்துபோனார். சொந்தத்தில் யாரும் பக்கத்தில் இல்லை. மதியம் முழுக்கப் பார்த்துக்கொள்ள வேண்டியவள் நாத்தனார், வெல்டரின் ஒரே தங்கை. ரேடியோவின் முறை, வேலை முடிந்த பிறகுதான். ஆனால் சாவு வீட்டில் நாத்தனார் அழுதுகொண்டே சொன்னது வேறு. அவசரமாக வெளியே போக வேண்டியிருந்ததாம். கீழே சலவைக்கூடத்துக்கு ஆள் அனுப்பி, அண்ணியை மேலே வரச் சொன்னாளாம். அண்ணி வரவில்லையாம்.

அப்படி யாரும் வந்து கூப்பிடவே இல்லை என்று ரேடியோ தலையில் அடித்துக்கொண்டு சொன்னாள். யார் நம்புவார்கள்? "எவகூடவாவது கதை அளந்துக்கிட்டு இருந்திருப்பா, காதுல விழுந்திருக்காது" என்றார் கணவரின் பெரியம்மா. அதோடு தீர்ப்பு எழுதியாகிவிட்டது. கணவர் ஒன்றும் சொல்லவில்லை. அவர்தான் எதற்குமே ஒன்றும் சொல்லாதவராயிற்றே. அந்த மௌனத்துக்கு என்ன அர்த்தம் என்று இவளும் கேட்டதில்லை.

தவக்காலம் பாதி போயிருக்கும். வார்டுகளிலிருந்து அழுக்குத் துணி வண்டியைத் தள்ளிக்கொண்டு புதிதாக ஓர் ஆயா வந்தாள். உண்மையில் புதிது இல்லை, வேறு கட்டடத்துக்கு மாற்றலாகிப் போய்த் திரும்பியவள். மூட்டையை இறக்கிவிட்டு ரேடியோவை உற்றுப் பார்த்தாள்.

"நீங்கதானே அந்த வயசான அம்மாவோட மருமக? மேல, ஜன்னல் பக்கத்துக் கட்டில்ல இருந்தாங்களே. தொந்தரவே குடுக்காத மனுஷி. பாவம், கடைசில நான்தான் பக்கத்துல இருந்தேன்."

ரேடியோவின் கையிலிருந்த விரிப்பு கீழே விழுந்தது. "நீங்க இருந்தீங்களா?"

"மூச்சு அடங்குறப்போ கையைப் பிடிச்சிக்கிட்டிருந்தேன். அவங்க பொண்ணு 'கொஞ்சம் பாத்துக்கோங்க, வந்துடறேன்'ன்னு பையை எடுத்துட்டுப் போச்சு. வரவே இல்ல."

"கீழ யாரையாவது அனுப்பி என்னைக் கூப்பிடச் சொல்லுச்சா?"

"உங்களையா? நீங்க இங்க வேலை பாக்கறதே எனக்கு அப்புறம்தான் தெரியும். யாரையும் அனுப்பல. நான் அங்கயே தானே நின்னேன்."

ஆயா வண்டியைத் தள்ளிக்கொண்டு போய்விட்டாள். அவளுக்கு அது ஒரு பழைய சாவு, அவ்வளவுதான். ரேடியோவுக்கோ உடம்பெல்லாம் சூடு ஏறியது. முதலில் வந்தது அழுகை, அதன் பின்னாலேயே ஒரு குதூகலம். இப்படி ஒரு கதை அவள் வாழ்நாளில் கையில் கிடைத்ததில்லை. உண்மைக் கதை. சாட்சி உள்ள கதை. இதைச் சொன்னால் தப்பு என்று யாராவது சொல்வார்களா?

மாமியாரின் ஆண்டு நினைவுப் பூசை அடுத்த வாரம். சொந்தம் மொத்தமும் வரும்.

அந்த வாரம் அவள் பட்ட பாடு கொஞ்சமில்லை. நாத்தனார் குடியிருந்தது இவர்கள் வீட்டுக்கு மேல்மாடியில். மருந்துக்கடை வேலைக்கு அவள் படியிறங்கிப் போகும் ஓசை கேட்டாலே இவளுக்கு நாக்கு நுனி துடிக்கும். சமைக்கும்போது மனதுக்குள் ஒத்திகை பார்த்தாள். பெரியம்மா இப்படிக் கேட்பார், நான் இப்படிச் சொல்வேன், நாத்தனார் முகம் இப்படி வெளுக்கும். அந்த முகம் வரும் இடத்தில் ஒத்திகை நிற்கும். திரும்ப முதலிலிருந்து ஆரம்பிப்பாள். அடுப்பில் இருந்தது இரண்டு தடவை தீய்ந்தது. கணவர் தீய்ந்ததையும் பேசாமல் சாப்பிட்டார். அவரிடமாவது சொல்லிவிடலாமே என்று வாய் திறந்து, கொட்டாவி விட்டதுபோல் மூடிக்கொண்டாள்.

தாங்க முடியாமல் கோயிலுக்குப் பாவசங்கீர்த்தனம் செய்யப் போனாள். பங்குத்தந்தை ஒல்லியான மனிதர். தவக்காலத்துக்காக டீயை விட்டுவிட்டு, அன்றிலிருந்து தலைவலியோடு திரிந்துகொண்டிருந்தார். வலைத்தட்டிக்குப் பின்னால் அவர் நெற்றியைத் தேய்ப்பது தெரிந்தது. ஒன்று விடாமல் எல்லாவற்றையும் கொட்டினாள்.

"ஞாயித்துக்கிழமை நீங்க சொன்னீங்களே சாமி, இயேசு நம்ம தலைமைக் குரு, நம்மளை மாதிரியே எல்லா விதத்துலயும் சோதிக்கப்பட்டவர்னு. அவருக்கு இந்த மாதிரி எல்லாம் வந்திருக்குமா? சாத்தான் சொன்ன மாதிரி கல்லை அப்பமாக்கறதா என் பிரச்சினை? எனக்குக் கல்லும் வேண்டாம், அப்பமும் வேண்டாம். கெட்டுப்போன பேரு சரியாகணும்."

அவர் நெற்றியிலிருந்து கையை எடுத்தார். "பாலைவனத்துல சாத்தான் எப்படிப் பேச்சை ஆரம்பிச்சான், ஞாபகம் இருக்கா?"

"நீ கடவுளோட மகனா இருந்தா..."

"அதான். நீ யாருன்னு நிரூபின்னு. வயித்துப் பசியை விட அது பெரிய தூண்டில். கடைசில சிலுவையில தொங்கறப்போவும் அதையே சொன்னாங்க, இறங்கி வா, நம்பறோம்னு. அவர்கிட்ட உண்மை இருந்துச்சு. சொல்ல வாயும் இருந்துச்சு."

"அவர் கடவுளாச்சே. தாங்கிக்குவாரு."

"காய்ஞ்ச வயித்தோட, கிழிஞ்ச உடம்போட தாங்கினாரும்மா. அதனாலதான் அவர் முன்னாடி வெக்கப்படாம போகலாம். நான் இந்தக் கூண்டுக்குள்ள உக்காந்திருக்கற வெறும் ஆளு, ஒரு டம்ளர் டீக்கே எனக்குக் கை நடுங்குது. நீ அவர்கிட்டயே போ. மனசு அடங்கினப்புறம் போகலாம்னு இருக்காதே. இந்தத் தவிப்போடயே போ."

"அப்ப சொல்லவா, வேண்டாமா? அதைச் சொல்லுங்க."

"அது பொய் இல்ல. அதனால சொல்லாதேன்னு என்னால சட்டம் போட முடியாது. சொன்னப்புறம் உன் நாத்தனார் முகம் எப்படி ஆகுதுன்னு பாக்க ஆசையா இருக்கா? அதை மட்டும் உன்னையே கேட்டுக்கோ."

ரேடியோ கோபமாக எழுந்து வந்தாள். ஆசீர் வாங்க மறந்துவிட்டது. பாதி வழி வந்து, திரும்பப் போய் வாங்கிக்கொண்டு வந்தாள்.

நினைவுப் பூசை முடிந்து சொந்தங்கள் வீட்டில் நிறைந்திருந்தார்கள். முன்னறையில் மாமியாரின் படத்துக்கு நேரே பெரியம்மா உட்கார்ந்திருந்தார். ரேடியோ டீ கொண்டுவந்தாள். பெரியம்மா டம்ளரை எடுத்துக்கொண்டு, படத்தைப் பார்த்து ஒரு பெருமூச்சு விட்டார்.

"ம்... பெத்தது ரெண்டு, மருமக ஒருத்தி. கட்டடத்துக்குக் கீழயே ஆள் இருந்தும் கடைசில கையைப் பிடிக்க ஒரு நாதி இல்லாம போயிட்டா என் தங்கச்சி."

ரேடியோ தட்டை வைத்தாள். வைத்த வேகத்தில் டம்ளர்கள் ஒன்றோடொன்று மோதின.

"பெரியத்தை, அன்னைக்கு அந்த வார்டுல டூட்டில இருந்த ஆயாவைப் பாத்தேன்."

அறை முழுக்கத் திரும்பியது. தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்த நாத்தனாரின் கை அப்படியே நின்றது. ரேடியோ அவளைப் பார்த்தாள். வாரம் முழுக்க ஆசைப்பட்ட முகம் இதோ எதிரிலேயே இருந்தது. ஆனால் ஒத்திகையில் பார்த்த முகம் இல்லை. அதில் திமிரும் இல்லை, தந்திரமும் இல்லை. அடி விழப்போகிறது என்று தெரிந்து கண்ணை இறுக மூடப்போகும் ஒரு சின்னப் பிள்ளையின் முகம்.

"ஆயாவா? என்ன சொன்னா?" என்றார் பெரியம்மா.

சொல் தொண்டை தாண்டி வந்துவிட்டது. இன்னும் உதடு மட்டும்தான்.

"பால் பொங்குது, பாத்துட்டு வர்றேன்" என்று சொல்லிவிட்டு ஓடினாள். அடுப்பில் பால் இல்லை. குளியலறைக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டு, குழாயை முழுக்கத் திறந்துவிட்டு, கவிழ்த்துப் போட்ட வாளியின் மேல் உட்கார்ந்தாள்.

"ஆண்டவரே, கேளும்" என்று ஆரம்பித்தாள். இரண்டு வாக்கியத்தில் கோயில் பாஷை போய் வீட்டுப் பாஷை வந்துவிட்டது. "கேளுங்க, இந்த அநியாயத்தைக் கேளுங்க. உங்ககிட்ட சொன்னா நோன்பு முறியாதில்ல? முறிஞ்சாலும் பரவாயில்ல, கேளுங்க." தண்ணீர் இரைச்சலுக்கு மேலே, சுவரைப் பார்த்து, முழுக் கதையையும் சொன்னாள். பாதியில் திட்டவும் செய்தாள். "உங்களுக்கென்ன, மூணாம் நாள் எந்திரிச்சு வந்துட்டீங்க. எல்லாருக்கும் தெரிஞ்சுபோச்சு. எனக்கு எப்ப மூணாம் நாள்?" வழக்கம்போல் ஆள் ஆளாகப் பேசினாள். ஆயா போலப் பேசினாள். பெரியம்மா போலப் பெருமூச்சு விட்டாள். "கொஞ்சம் பாத்துக்கோங்க, வந்துடறேன்" என்று நாத்தனாரின் குரலில் சொன்னபோது நாக்கு தடுக்கியது. ஏன் போனாள்? அது இவளுக்குத் தெரியவில்லை. தாயின் மேல் உயிரையே வைத்திருந்தவள், வாரக்கணக்கில் அந்த நாற்காலியிலேயே தூங்கி எழுந்தவள், அன்றைக்கு ஏன் பையை எடுத்துக்கொண்டு போனாள்? ரேடியோ இதுவரை 'ஏன்' இல்லாத கதையை யாரிடமும் சொன்னதில்லை.

குழாயை மூடினாள். மனம் லேசாகிவிட்டது என்றெல்லாம் இல்லை. சமாதானமும் வரவில்லை. யாரோ ஒருவர் முழுக்கக் கேட்டுவிட்டார் என்று மட்டும் இருந்தது. அவருக்கும் இந்த நமைச்சல் தெரியும் என்று இருந்தது. முகத்தைக் கழுவிக்கொண்டு வெளியே வந்தாள்.

"என்னவோ சொல்ல வந்தியே?" என்றார் பெரியம்மா விடாமல்.

"அத்தை தொந்தரவே குடுக்காத மனுஷின்னு ஆயா சொல்லுச்சு. கடைசில அதுதான் கையைப் பிடிச்சிக்கிட்டிருந்துதாம். அத்தை தனியா போகல." காலி டம்ளரை எடுத்தாள். "இன்னும் கொஞ்சம் டீ ஊத்தவா?"

மறுநாள் மொட்டை மாடியில் துணி காயப்போடும்போது நாத்தனார் பின்னால் வந்து நின்றாள்.

"உங்களுக்குத் தெரிஞ்சுபோச்சு, இல்ல அண்ணி?"

"தெரியும்."

"யார்கிட்ட சொன்னீங்க?"

"ஒருத்தர்கிட்ட."

"யாரு? அண்ணன்கிட்டயா?"

"இல்ல. பயப்படாதே, அவர் வெளிய சொல்லமாட்டார்."

நாத்தனாருக்குப் புரியவில்லை, அல்லது புரிந்தும் நம்பவில்லை. இறங்கிப் போனாள். அன்றிலிருந்து அவள் நடை மாறிவிட்டது. சாயங்காலம் கீழே வந்து பாத்திரம் கழுவிக் கொடுத்தாள். அண்ணியின் முழங்கால் வலிக்கு மருந்து கொண்டுவந்தாள். ரேடியோ இருமினாலே மாடியிலிருந்து எட்டிப் பார்த்தாள். இவளுக்கு அது பிடித்திருந்தது, அதுதான் கஷ்டம். வாயே திறக்காமல் ஒருத்தியை ஆட்டிவைக்க முடிகிறதே! ஊர்க்கதையில் இல்லாத ருசி இதில் இருந்தது. நோன்பும் முறியவில்லை, சாமியாரிடம் சொல்லவும் ஒன்றும் இல்லை.

ஒரு நாள் தன் துணிக்கூடையைக் காட்டி, "அதை மேல கொண்டு போய்க் காயப்போட்டுடு" என்றாள். நாத்தனார் மருந்துக்கடையிலிருந்து அப்போதுதான் வந்திருந்தாள், செருப்புக்கூடக் கழற்றவில்லை. மறு பேச்சுப் பேசாமல் கூடையைத் தூக்கினாள். ரேடியோவுக்குத் தன் குரல் தன் காதிலேயே விழுந்தது. அடுத்தவர் குரலையெல்லாம் எடுத்துப் பேசத் தெரிந்தவளுக்கு அது யார் குரல் என்று உடனே தெரிந்தது. அசல் பெரியம்மா.

பின்னாலேயே படியேறி ஓடிக் கூடையின் மறு பக்கத்தைப் பிடித்துக்கொண்டாள்.

"கீழ வை. இதை வெச்சு உன்னை ஆட்டிவைக்க ஆரம்பிச்சிட்டேன். எனக்கே பிடிக்கல. வாய் திறந்து கத்தியிருந்தாக்கூட ஒரு நாளோட போயிருக்கும். இது தினம் தினம். நான் யார்கிட்டயும் சொல்லப்போறதில்ல. நீயும் எனக்குப் பாத்திரம் கழுவ வேண்டாம்."

நாத்தனார் படியிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

"அந்தச் சத்தம் கேக்க முடியல அண்ணி. அம்மாவுக்கு மூச்சு இழுக்கற சத்தம். காலையிலேர்ந்து அப்படித்தான். இப்ப போயிடும், இப்ப போயிடும்னு பாத்துக்கிட்டே இருந்தேன். திடீர்னு என்னால முடியல. பையை எடுத்துட்டு ஓடிட்டேன். கீழ வந்தேன், உங்களைக் கூப்பிடலாம்னுதான் வந்தேன். உள்ள நீங்க எதையோ சொல்லி எல்லாரும் சிரிச்சிக்கிட்டிருந்தீங்க. கதவு வரைக்கும் வந்துட்டுப் போயிட்டேன். பஸ் ஸ்டாப்புல உக்காந்திருந்தேன். வந்த பஸ்ஸையெல்லாம் விட்டுட்டு அங்கயே உக்காந்திருந்தேன். திரும்பி வர்றப்போ முகத்தை மூடிட்டாங்க."

ரேடியோ பக்கத்துப் படியில் உட்கார்ந்தாள். கூடை இருவருக்கும் நடுவில் இருந்தது. ஈரத் துணியிலிருந்து தண்ணீர் படி படியாக இறங்கியது.

பெரிய வெள்ளிக்கிழமை வழிபாட்டுக்குக் கிளம்பும் முன் நாத்தனார் அண்ணனைத் தனியாகக் கூப்பிட்டு, அவரிடம் மட்டும் சொன்னாள். அவர் வந்து கட்டிலில் உட்கார்ந்தார். ரேடியோ சட்டையை எடுத்து நீட்டினாள். வாங்கிக்கொள்ளவில்லை.

"அன்னைக்கு நீ வந்து 'யாரும் கூப்பிடலைங்க'ன்னு அழுதே. நான் ஒரு வார்த்தை சொல்லல."

"சொல்லல."

"நம்பலைன்னு இல்ல. எதை நம்பறதுன்னு தெரியல."

"அப்பவே இதையாவது சொல்லியிருக்கலாமே, மனுஷா" என்றாள். அவள் கோபமாகத்தான் சொன்னாள். அவர் தலையை ஆட்டினார். அன்று கோயிலில் மூன்று பேரும் ஒரே வரிசையில் நின்று சிலுவையை முத்தமிட்டார்கள். தங்கையிடம் அவர் பேச ஒரு மாதமானது. அதற்கும் ரேடியோதான் இருவருக்கும் நடுவில் மேலும் கீழும் நடந்தாள்.

இதனால் அவள் ஞானியாகிவிட்டாள் என்று யாரும் நினைக்க வேண்டாம். உயிர்ப்பு ஞாயிறு முடிந்த திங்கட்கிழமை, சூப்பர்வைசர் தலையில் இருப்பது சொந்த முடிதானா என்பதிலிருந்து ஒலிபரப்பு தொடங்கியது. சலவைக்கூடமே நிம்மதிப் பெருமூச்சு விட்டது. ஆனாலும் சில கதைகள் வாய்வரை வந்து, பாதியில் நிற்பது உண்டு. எதிரே மடிப்பவள், "அப்புறம் என்னக்கா?" என்பாள். "ஏன்னு தெரியல, விடு" என்று அடுத்த விரிப்பை எடுப்பாள்.

பெரியம்மாவுக்கு யாரும் எதுவும் சொல்லவில்லை. நாத்தனாருக்கு அந்தத் தைரியம் வரவே இல்லை. ஒவ்வொரு ஆண்டும் நினைவுப் பூசைக்கு அவர் வருவார், படத்துக்கு நேரே உட்காருவார், பெருமூச்சு விட்டு அதையே சொல்லுவார். சொல்லும்போதெல்லாம் ரேடியோவின் நாக்கு துடிக்கத்தான் செய்கிறது. அவள் எழுந்து சமையலறைக்குப் போவாள். கொஞ்ச நேரத்தில் நாத்தனாரும் வந்து பக்கத்தில் நிற்பாள். ஒருத்தி டம்ளரைக் கழுவ, ஒருத்தி துடைப்பாள். முன்னறையில் பெரியம்மா பேசிக்கொண்டே இருப்பார்.